உறைய வைத்த கருவுக்கு எந்த நாள் சரியான நாள்?

"ஆடி கழியட்டும் டாக்டர், ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா?" கருக்களை உறைய வைத்துக் காத்திருக்கும் தம்பதியருடன் வரும் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால், மருந்து தொடங்கும் முன் தள்ளிப்போடுவது வேறு. தொடங்கிய பின் ஒரு நாள் தள்ளிப்போடுவது வேறு.

விட்ரிஃபிகேஷன் எனும் அதிவேக முறையில் உறைய வைக்கப்படும் கரு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் இருக்கிறது. அக்குளிரில் உயிரணுக்களின் இயக்கம் நின்றுவிடுவதால் கருவுக்கு வயது ஏறுவதில்லை. 34 வயதில் எடுத்த கருமுட்டையிலிருந்து உருவான கருவை 37 வயதில் கருப்பைக்குள் வைத்தாலும், வெற்றி வாய்ப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த 34 வயதுதான். ஆகவே ஓரிரு மாதத் தாமதத்தால் கரு கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருக்களைப் பாதுகாக்க 10 ஆண்டுகள் வரை அனுமதிக்கிறது. முட்டை எடுத்தபோது சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கியிருந்தால், அவை தணியும் வரை நாங்களே காத்திருக்கச் சொல்வோம்.

இனி, நாள் மாற்றக் கூடாத கட்டத்துக்கு வருவோம். முதலில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளால் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கிறோம். ஸ்கேனில் அது பொதுவாக 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெரிந்த பின் புரோஜெஸ்டிரோன் தொடங்கப்படுகிறது. அதுவரை சில நாட்கள் முன்பின்னாகலாம். புரோஜெஸ்டிரோன் தொடங்கிவிட்டால், கருவை ஏற்கும் நிலையில் உட்படலம் இருப்பது குறுகிய காலமே. ஐந்து நாள் வளர்ந்த கருவை அம்மருந்தின் ஆறாம் நாளிலும், மூன்று நாள் கருவை நான்காம் நாளிலும் வைப்பது வழக்கம். அந்த ஆறாம் நாள் அஷ்டமியாக அமைந்தாலும் மாற்றுவதற்கில்லை. நாள் பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் தயங்காமல் முன்கூட்டியே கூறுங்கள். புரோஜெஸ்டிரோன் தொடங்கும் நாளை இயன்றவரை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறோம். ஒரு வேளை மருந்து தவறினாலும் உடனே தெரிவியுங்கள்; மறைக்க வேண்டாம்.

மாதவிலக்கு சீராக வரும் பெண்களுக்கு, இயற்கையாக முட்டை வெளிப்படுவதைக் கணித்து அதற்கேற்பக் கருவை வைக்கலாம். கர்ப்பகால இரத்த அழுத்தச் சிக்கல் இம்முறையில் குறைவு என்பதால், பொருந்துவோர்க்கு நான் இதையே விரும்புகிறேன். ஆனால் இங்கே நாளைக் குறிப்பது பெண்ணின் உடலே.

நல்ல கருவைச் சரியான நாளில் வைத்தும் சில முறை கரு தங்குவதில்லை. கருவின் குரோமோசோம் குறைபாடே பெரும்பாலும் அதற்குக் காரணம். அவர் மாடிப்படி ஏறியதோ, வீட்டு வேலை செய்ததோ அன்று. படுக்கையிலேயே கிடப்பதால் வெற்றி கூடுவதுமில்லை. இதை மாமியாரும் கணவரும் கேட்கும்படி சொல்வதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

கரு வைத்த பின் சிறிது இரத்தக்கசிவு தென்பட்டால், "எல்லாம் முடிந்தது" என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கரு தங்கிய பலருக்கும் அவ்வாறு ஏற்படுவதுண்டு. நாங்கள் குறித்துத் தரும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்து, அதன் முடிவை நாங்கள் கூறும் வரை புரோஜெஸ்டிரோனைத் தொடருங்கள்.