வேனில் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறதா?
வீட்டிலேயே மாற்றுவோர் கவனத்துக்கு!

பழைய வேனை நம்பிப் பிழைப்பு நடத்தும் தமிழர்கள் மும்பையில் பலர் உண்டு. அதிகாலையில் இட்லிப் பாத்திரங்கள் ஏற்றிச் செல்லவும், இஸ்திரி போட்ட துணிகளைக் கொண்டு சேர்க்கவும் அவர்களுக்குக் கை கொடுப்பது பெரும்பாலும் ஆம்னி வேன்தான்.

1984-ம் ஆண்டு ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்து, 1988-ல் ‘ஆம்னி’ ஆன இந்த வண்டியின் உற்பத்தி 2019-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஓடுபவை எல்லாம் வயதான வண்டிகளே. வயதான வண்டிக்கு வரும் தொல்லைகளில் ஒன்று, டேங்க் துருப்பிடித்து ஒழுகுவது.

கூலியை மிச்சப்படுத்த, கைவேலை தெரிந்த சிலர் தாங்களே டேங்கை மாற்றி விடுகிறார்கள். மாற்றலாம். ஆனால் எந்த இடத்தில், எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

துரு ஏன்?

மழைக்காலச் சேறும் கடற்காற்றின் உப்பும் டேங்கை வெளியிலிருந்து அரிக்கின்றன. உள்ளிருந்து அரிப்பது தண்ணீர். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. வண்டியைப் பல நாள் நிறுத்தி வைத்தால் அந்த ஈரம் அடியில் தங்கி, தகட்டைத் தின்னும். பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் கெட்டுப்போகும்.

ஒழுகும் இடத்தில் சோப்பைத் தேய்த்து அடைப்பது ஒருநாள் சமாளிப்புதான். துரு பிடித்த தகட்டில் ஓட்டை ஒன்றோடு நிற்காது.

காலி டேங்கே ஆபத்து

‘பெட்ரோலை இறக்கியாகிவிட்டது, இனி பயம் இல்லை’ என்று நினைப்பது தவறு. தீப்பிடிப்பது பெட்ரோலின் ஆவி. காற்றில் 1.4 சதவீத அளவு ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கைவிட, ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் காலி டேங்க்தான் குண்டுபோல் வெடிக்கும்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். தாராவி போன்ற இடங்களில் சந்தில் வேலை செய்தால், நாலு வீடு தள்ளி எரியும் அடுப்பு வரை அது போய்ச் சேரலாம். ஆகவே சந்திலோ, சாளின் முற்றத்திலோ, மூடிய ஷெட்டிலோ இந்த வேலை கூடவே கூடாது. சமதரையான திறந்த மைதானத்தில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். துணைக்கு ஓர் ஆள், ஒரு வாளி மணல், தீயணைப்புக் கருவி ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். பீடி, சிகரெட், குழந்தைகள் மூன்றும் தூர இருக்கட்டும்.

செய்முறை

முதலில் வண்டியை ஓட்டி, டேங்கில் இருப்பதைக் குறைத்துக் கொள்ளுங்கள். இஞ்சின் ஆறியதும் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

மீதிப் பெட்ரோலை வடிகால் போல்ட் வழியாகவோ கை பம்பினாலோ இரும்புக் கேனில் இறக்குங்கள். வாயால் உறிஞ்சக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சொந்த உபயோகத்துக்கானாலும் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது சட்டம்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். செங்கல் அடுக்குவதும் வேண்டாம், நொறுங்கிவிடும்.

குழாய்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பொறி பறக்கும் கட்டர், காஸ் வெல்டிங் எதுவும் கிட்டே வரக் கூடாது. டேங்கின் அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டே பட்டைகளை அவிழ்த்தால், உள்ளே மிச்சமிருப்பது அலம்பிச் சாயாமல் இறங்கும்.

புது டேங்கைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, துளைகளும் குழாய் முனைகளும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். குர்லாவில் பழைய டேங்க் வாங்குவோர் அதைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். துரு உதிரும் சத்தம் கேட்டால் வேண்டாம். குழாய், கிளிப், வாஷர் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். கழற்றிய எர்த் ஒயரை மறக்காமல் மாட்டுங்கள்.

முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால்தான் பாட்டரியை இணைத்து இஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

பிந்திய எம்.பி.எப்.ஐ. வண்டிகளில் பம்பு டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. குழாயில் அழுத்தம் நிற்பதால், கழற்றினால் பெட்ரோல் பீறிட்டு அடிக்கும். இதைப் பழகியவரிடம் விடுவதே நல்லது. போல்ட் முறிந்துவிட்டாலும் மல்லுக்கு நிற்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பழைய டேங்கை வீட்டில் வைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியாக்கவும் வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கொடுக்கும்போது, ‘இது பெட்ரோல் டேங்க்’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அதை வெட்டப் போகும் தொழிலாளியும் பிள்ளை குட்டிக்காரர்தானே!