பிசியோதெரபி படிப்பு: கூடுதல் பீஸ், பிடித்து வைத்த மார்க் ஷீட்... மாணவ-மாணவிகள் யாரிடம் புகார் கொடுப்பது?

காட்டூர்:-

பொன்னேரியை அடுத்த காட்டூர், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் நகைக்கடைகளில் அடகு வைக்கும் கூட்டமும் கூடிவிடும். டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காது, நர்சிங் வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளைகள் அடுத்து விசாரிப்பது 'பிசியோதெரபி' படிப்பைத்தான். பக்கவாதம் வந்து கை, கால் இழுத்துக்கொண்டவர்களையும், விபத்தில் எலும்பு முறிந்தவர்களையும் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிற படிப்பு. வலை இழுத்து இழுத்து தோள்பட்டை தேய்ந்துபோன ஊருக்கு அந்த வைத்தியத்தின் அருமை தெரியும்.

ஆனால் சேர்ந்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. சேரும்போது ஒரு பீஸ், 2-ம் ஆண்டில் வேறு பீஸ். நோயாளிகளே வராத ஆஸ்பத்திரியில் பயிற்சி. எதிர்த்துக் கேட்டால் 'இன்டர்னல்' மார்க்கில் கை வைப்பார்களோ என்ற பயம். படிப்பை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் ஒரிஜினல் மார்க் ஷீட் கல்லூரி பீரோவில் இருக்கிறது. துணை மருத்துவப் படிப்புகளில் இது பல வருடமாகக் கேட்கிற புலம்பல்.

இதில் யாருக்கு என்ன அதிகாரம், மாணவர்களுக்கு என்ன உரிமை என்பது பற்றிய விவரம் வருமாறு:-

3 மாணவிகள் பலியான கல்லூரி

புகாரைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே நடந்த சம்பவம் இருக்கிறது. அது பிசியோதெரபி கல்லூரி அல்ல. யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி. மருந்து, ஊசி இல்லாமல் உடம்புக்கு வைத்தியம் பார்க்கிற பக்கத்துப் படிப்பு.

சின்னசேலம் அருகே உள்ள பங்காரத்தில் இயங்கி வந்தது எஸ்.வி.எஸ். யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி. அப்போது அந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2016-ம் ஆண்டு ஜனவரி 23-ந்தேதி அந்தக் கல்லூரியின் 2-ம் ஆண்டு மாணவிகள் 3 பேர் கல்லூரி அருகே இருந்த கிணற்றில் பிணமாக மீட்கப்பட்டனர். அளவுக்கு மேல் பீஸ் வாங்குகிறார்கள், பாடம் நடத்த ஆள் இல்லை, வசதி எதுவும் இல்லை என்று குற்றம் சாட்டிய கடிதம் சிக்கியது. சாவில் சந்தேகம் இருப்பதாக பெற்றோர் புகார் கூறினர். கல்லூரி தாளாளர், முதல்வர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். கல்லூரிக்கு 'சீல்' வைக்கப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம், இது திடீரென்று வெடித்த பிரச்சினை இல்லை என்பதுதான். அதற்கு சில மாதம் முன்பே, 2015 அக்டோபரில், இதே கல்லூரி மாணவ-மாணவிகள் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் போராடினார்கள். சிலர் விஷம் குடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ஊரே பார்த்தது. அப்போது எடுத்திருக்க வேண்டிய நடவடிக்கை 3 உயிர் போன பிறகுதான் வந்தது.

(மனம் உடைந்து தவறான எண்ணம் வந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். இலவசம்.)

சிதம்பரத்தில் ஜெயித்தது எப்படி?

இன்னொரு சம்பவம் வேறு மாதிரி முடிந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆனால் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் பீஸ் மட்டும் பழையபடியே நீடித்தது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வருடத்துக்கு ரூ.5 லட்சத்து 44 ஆயிரம். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் ரூ.13 ஆயிரத்து 610. அரசு கல்லூரி என்றால் அரசு பீஸ் வாங்க வேண்டியதுதானே என்று மாணவர்கள் கேட்டார்கள்.

2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் 50 நாட்களுக்கு மேல் நடந்தது. நடுவில் விடுதியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மாணவர்கள் நகரவில்லை. 2021-ம் ஆண்டு ஜனவரி கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. அதில் பீஸ் குறைப்பு பற்றி தெளிவாக இல்லை என்று மறுபடியும் உட்கார்ந்தார்கள். பிப்ரவரியில் அரசு பீசே வாங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

அவர்கள் கையில் 2 கல்லூரி பீசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற கணக்கு இருந்தது. எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். தனி ஆளாக யாரையும் குறிவைக்க முடியவில்லை. 40 பேர், 50 பேர் மட்டும் படிக்கிற சின்ன பிசியோதெரபி கல்லூரியில் அந்த பலம் கிடையாது. அங்கே காகிதம்தான் பலம்.

பீஸ் எவ்வளவு வாங்கலாம்?

தமிழ்நாட்டில் பி.பி.டி. எனப்படும் பிசியோதெரபி பட்டப்படிப்பு 4 ஆண்டு பாடம். அதன் பிறகு ஆஸ்பத்திரி பயிற்சிக்காலம். பெரும்பாலான கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சில கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பீஸ் கணக்கு வேறு, புகார் கொடுக்கும் இடமும் வேறு. எனவே சேருவதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பட்டம் கொடுக்கப் போவது எந்த யுனிவர்சிட்டி?" என்பதுதான். கட்டிடம் பெரிதாக இருக்கிறதா என்பது இல்லை.

தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான பீசை, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. 2003-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பின்படி வந்த ஏற்பாடு இது. ஒரு ஆண்டு பீசுக்கு மேல் முன்கூட்டியே வசூலிக்கக்கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டுள்ளது. "4 வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினா சலுகை தர்றோம்" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிட வேண்டும். 'டொனேஷன்' என்ற பெயரில் வாங்குவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

சட்டம் இருந்தாலும் ரசீது இல்லாவிட்டால் ஒன்றும் நிற்காது. ஏஜெண்டு கையில் கொடுத்த பணம் கடலில் போட்ட கல்தான். ரொக்கமாகக் கட்டாமல் வங்கி மூலம் கல்லூரி பெயருக்கே கட்டுவது நல்லது. சேர்க்கை விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்தந்த ஆண்டு மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டைத்தான் நம்ப வேண்டும்.

மார்க் ஷீட்டை பிடித்து வைக்கலாமா?

கூடாது. பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.) 2018-ல் வெளியிட்ட அறிவிப்பில் இது தெளிவாக உள்ளது. ஒரிஜினல் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையிலேயே சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்பே விலகினால் முழு பீசையும் திருப்பித் தர வேண்டும் என்றும், அதன் பிறகு விலகினால் நாள் கணக்குப்படி குறையும் என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. கடைசி தேதி முடிந்து 30 நாள் தாண்டிவிட்டால் பைசா கிடைக்காது. ஆகவே பிடிக்கவில்லை என்றால் தீபாவளி வரை பார்க்கலாம் என்று இழுக்காமல் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.

மார்க் பயம்

மாணவிகள் வாயைத் திறக்காததற்கு பெரிய காரணம் இதுதான். பிசியோதெரபியில் பாதிப் படிப்பு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நோயாளியைத் தொட்டு, முட்டியை மடக்கி நீட்டி, கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு கையெழுத்து போடுபவரும், வருகைப் பதிவு எடுப்பவரும், இன்டர்னல் மார்க் போடுபவரும் அதே கல்லூரி ஆசிரியர்கள். அவர்கள் மேலேயே எப்படிப் புகார் கொடுப்பது?

பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். (பாடு உரிமை இல்லாதவர்களின் வருத்தம் தனிக்கதை.) முறை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் தகராறு வந்தாலும் பேச இடம் இருக்கும். கல்லூரியிலும் அதேதான். இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு இரண்டையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன்பே கேட்டுப் பார்த்து, தவறு இருந்தால் எழுதிக்கொடுக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அழுது பயனில்லை.

பல்கலைக்கழகத் தேர்வில் திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் வழி உண்டு. தன் விடைத்தாளை மாணவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மனுக்கட்டணம் ரூ.10. பதில் தர 30 நாள் அவகாசம்.

மனு எங்கே போகும்?

யு.ஜி.சி.யின் 2023-ம் ஆண்டு விதிப்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் பெண் ஒருவரும், எஸ்.சி., எஸ்.டி. அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் கட்டாயம். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவர் கல்லூரி ஆள் இல்லை. ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதியாக இருப்பார். அவர் 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும்.

டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பல காலமாக தேசிய கவுன்சில் இருந்தது. பிசியோதெரபி போன்ற படிப்புகளுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் 2021-ல்தான் வந்தது. அதன்படி தேசிய ஆணையம் அமைக்கப்பட்டது. இத்தனை வருடம் ஆளாளுக்கு ஒரு விதி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இது தவிர திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்வு நாளில் பெற்றோரே மனு கொடுக்கலாம். பிள்ளை பெயர் முன்னால் நிற்காமல் பெற்றோர்கள் 10 பேர் சேர்ந்து கையெழுத்து போட்டால் மார்க் பயமும் குறையும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

எங்கே மனு கொடுத்தாலும் தேதியுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "சார்கிட்ட வாயால சொல்லிட்டோம்" என்பது கணக்கில் வராது.