கைவிட்ட நிலத்துக்கும் கட்டணம் ஓடும்

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் நிலம் வாங்கி, வீடு கட்டி, சில ஆண்டுகளில் சலித்துப்போய் விலகியவர்கள் பலர். அவர்களில் கணிசமானோர் செய்யும் தவறு ஒன்றுதான். நிலத்தை விட்டுவிட்டோம், கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடன் அட்டையிலிருந்து மட்டும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. பல மாதம் கழித்துப் பார்த்துவிட்டுப் பதறுகிறார்கள். கட்டிய பணத்தை மீட்பது அதற்குப் பிறகு பெரும்பாடு.

இந்த உலகை 2003-இல் திறந்தது சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம். அங்கே நிலம் என்பது நிறுவனத்தின் சர்வரில் ஒரு பங்கு. 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம் கொண்ட சதுரம் ஒரு முழுப் பகுதி. அதாவது 65,536 சதுர மீட்டர். நிறுவனமே நேரடியாக நடத்தும் பெருநிலத்துக்கு மெயின்லேண்ட் என்று பெயர். இலவசக் கணக்கு வைத்திருப்பவர் அங்கே நிலம் வைத்துக்கொள்ள முடியாது. பிரீமியம் சந்தா கட்டுபவருக்கு 1024 சதுர மீட்டர் வரை தனிக் கட்டணம் இல்லை. 2018-க்கு முன்பு இந்தச் சலுகை 512 சதுர மீட்டராக இருந்தது. அதற்கு மேல் வைத்திருந்தால் அளவைப் பொறுத்து மாதக் கட்டணம் உண்டு. பயனர்கள் அதை 'டியர்' என்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவது இந்த டியரில்தான். அது இன்று கையில் இருக்கும் நிலத்தை அளந்து வசூலிக்கும் தொகை அல்ல. பயனர் தேர்ந்தெடுத்து வைத்த கட்டணப் படி. நிலத்தை விற்றாலும் கைவிட்டாலும் அந்தப் படி தானாக இறங்காது.

ஆகவே வேலை இரண்டு. முதலாவது, கைவிட நினைக்கும் மனையின் மேல் நின்று 'அபவுட் லேண்ட்' சாளரத்தைத் திறந்து, 'ஜெனரல்' பகுதியில் உள்ள 'அபாண்டன் லேண்ட்' பொத்தானை அழுத்துவது. பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதைச் செய்தால்தான் பணம் நிற்கும். செகண்ட் லைஃப் இணையதளத்தில் தன் கணக்குக்குள் நுழைந்து, நிலப் பயன்பாட்டுக் கட்டணப் பக்கத்தில் படியைக் கையால் குறைத்துச் சேமிக்க வேண்டும். குறைத்த பின் அதே பக்கத்தை மறுபடி திறந்து, புதிய படி பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அடுத்த கட்டணத் தேதிக்குள் இதை முடிக்காவிட்டால் இன்னொரு மாதப் பணம் போகும். நிறுவனம் நினைவூட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இவ்வளவு முக்கியமான விஷயத்தை, கைவிடும் பொத்தானை அழுத்தும் அந்த இடத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். உதவிப் பக்கங்களைத் தேடிப் படிப்பவருக்குத்தான் அது தெரிகிறது என்பது நிறுவனத்தின் அலட்சியம்.

பொத்தானை அழுத்துமுன் வீடு, மரம், சாமான் எல்லாவற்றையும் தன் சரக்குப் பட்டியலுக்குள் எடுத்துக்கொள்வது நல்லது. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' கோப்புறைக்கு வந்து சேரும் என்று விட்டுவிட்டு, நகலெடுக்க முடியாத பொருளை இழந்தவர்கள் உண்டு. நிலத்துக்குக் கொடுத்த விலையில் ஒரு காசுகூடத் திரும்ப வராது. விற்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் கைவிடுவது வீண் இழப்பு.

விற்கும்போது வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. நண்பருக்குக் கொடுப்பதற்காக, அந்த உலகின் நாணயத்தில் ஒரு லிண்டன் டாலர் என்று விலை போட்டுவிட்டு, 'யாருக்கு விற்பனை' என்ற இடத்தில் நண்பரின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் 'எவருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். மலிவு நிலத்தை நொடியில் வாங்குவதற்கென்றே தானியங்கிக் கணக்குகள் அலைந்த உலகம் அது. நண்பர் வந்து சேர்வதற்குள் நிலம் கைமாறிவிடும். முறையாக விற்பனைக்கு விட்டு முறையாக வாங்கிய நிலம் என்பதால், திரும்பக் கேட்டு வாங்குவது மிகக் கடினம். பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகே விலை போட வேண்டும்.

கைவிட்ட மனை 'கவர்னர் லிண்டன்' என்ற நிறுவனக் கணக்கின் பெயருக்குப் போகிறது. அதில் சிலவற்றை நிறுவனம் ஏலத்தில் விற்கிறது. சிலவற்றை, கேட்டு விண்ணப்பிப்பவருக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிண்டன் டாலர் வீதம் கொடுக்கிறது. 1024 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ நான்கு அமெரிக்க டாலர்தான் ஆகும். வாங்க விரும்புபவர் உதவிப் பிரிவில் ஒரு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) திறந்து, நிலம் தொடர்பான வகைகளில் கைவிடப்பட்ட நிலம் வாங்குவதற்கானதைத் தேர்ந்தெடுத்து, பகுதியின் பெயர், மனை இருக்கும் ஆயத்தொலைவு எண்கள், பரப்பளவு மூன்றையும் எழுத வேண்டும். 'அந்தக் கடற்கரைப் பக்கம்' என்று எழுதினால் வேலை நடக்காது. கவர்னர் லிண்டன் பெயரில் இருப்பதெல்லாம் விற்பனைக்கு உரியதும் அல்ல. சாலை, நீர்வழி போன்றவை பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கேட்டுப் பயனில்லை. ஒப்புதல் கிடைத்தால் மனை அந்தக் கணக்குக்கு மட்டும் விற்பனைக்கு வைக்கப்படும். நேரில் போய் வாங்க வேண்டும்.

மறுபடியும் அதே எச்சரிக்கை: நான்கு டாலருக்குக் கிடைத்த நிலம் டியரை ஒரு படி மேலே தள்ளலாம். வாங்கும் சாளரத்தில் அந்தத் தகவல் தெரியும். படிக்காமல் 'சரி' அழுத்துபவர்தான் பிறகு மாதாமாதம் கட்டுகிறார்.

மெயின்லேண்டுக்கு வெளியே, தனியார் தீவுகளில் குடியிருப்போரின் நிலை இன்னும் பலவீனமானது. அங்கே நிறுவனத்துக்குப் பணம் கட்டுபவர் தீவின் உரிமையாளர். குடியிருப்பவர் அவருக்கு வாடகை தருபவர். உரிமையாளர் கட்டத் தவறினால் பகுதியே மூடப்படும், முன்கூட்டிக் கொடுத்த வாடகையும் போகும். பயனர்களுக்கு இடையிலான பணத் தகராறில் நிறுவனம் தலையிடுவதில்லை. வாடகையை வாரக் கணக்கில் கட்டுவதும், 'கவனென்ட்' எனப்படும் விதிப் பத்திரத்தை நகலெடுத்து வைப்பதும்தான் காப்பு. ஆறு மாத வாடகைக்குத் தள்ளுபடி தருகிறேன் என்பவரிடம் அந்தத் தள்ளுபடியே வேண்டாம்.

உரிமை என்று பார்த்தால், 2006-இல் பென்சில்வேனிய வழக்கறிஞர் மார்க் பிராக் தொடுத்த வழக்கைச் சொல்ல வேண்டும். ஏல ஓட்டையைப் பயன்படுத்தி 300 டாலருக்கு நிலம் வாங்கினார் என்று சொல்லி, லிண்டன் லேப் அவர் கணக்கையே முடக்கியது. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்த விதி ஒருதலைப்பட்சமானது என்று 2007-இல் கூட்டாட்சி நீதிபதி எட்வர்டோ ராப்ரெனோ தீர்ப்பளித்தார். அதே ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்ததால், மெய்நிகர் நிலம் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு அங்கே விடை வரவில்லை. இன்றைய ஒப்பந்தம் மெய்நிகர் நிலத்தை வெறும் பயன்பாட்டு உரிமமாகவே வைத்திருக்கிறது.

கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் கடன் அட்டையை மூடிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். கட்டணம் நின்றால் நிலத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கணக்கைத் தொடர விரும்பும் வாரிசு உதவிப் பிரிவில் டிக்கெட் திறந்து, உயிலின் நகல், இறப்புச் சான்றிதழ், தன் அடையாள ஆவணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். உயிலில் செகண்ட் லைஃப் கணக்கின் பெயரையும், அது யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதி வைத்தால் அந்த டிக்கெட் சிக்கலின்றி நகரும்.