முதல் பட்டம் எங்கே படிக்கலாம்?

கடல் கடந்த கல்வி – 9

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலையேறும் பஸ் கடைசியாகப் போய் நிற்கும் ஊர் போனக்காடு. வெள்ளைக்காரர்கள் போட்ட தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். தோட்டம் நொடித்து, தொழிலாளர்களின் சம்பளம் நிலுவையாகி ஆண்டுகள் பல ஆயின. இப்படிப்பட்ட ஒரு வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை, “பயாலஜி படிக்க வெளிநாடு போகணும்” என்று சொன்னால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

ஆசை நியாயமானது. ஆனால் எந்தப் படியில் போவது என்பதில்தான் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே; இளநிலைக்குக் கிடையாது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனாலும் நம் ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து அங்கே நேரடியாகச் சேர்வது பொதுவாக முடியாது. விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோ காட்டவும் வேண்டும். லயத்து வீட்டை அடகு வைத்தாலும் தேறாத தொகை. அந்த வீடும் அவர்கள் பெயரில் இல்லை.

முனைவர் பட்டத்தில் நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் உயிரியல் ஆய்வு மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. ஜெர்மனியில் பலருக்குச் சம்பளமே தருகிறார்கள். ஆகவே நான் உறுதியாகச் சொல்வது இது: முதல் பட்டத்தை இங்கே, நன்றாக, ஆய்வகத்தில் கைபட்டுப் படியுங்கள். கடலை அதற்குப் பிறகு தாண்டலாம்.

1897இல் தலைச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இந்த வழியில்தான் போனார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஹானர்ஸ் முடித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திய பிறகே, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் 1924இல் மிச்சிகன் போய்ச் சேர்ந்தார். 1931இல் டாக்டர் பட்டம். திரும்பி வந்து பேராசிரியராக அமர்ந்தது திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில். அதன்பின் கோவையில் கரும்பு ஆராய்ச்சி, லண்டனில் குரோமோசோம் ஆராய்ச்சி என்று நீண்டது அவர் வாழ்க்கை. செடியை அறிந்த கையோடு போனதால், அங்கே கற்றதை வைக்க அவருக்கு இடம் இருந்தது.

போனக்காட்டுப் பிள்ளைக்கு அந்த அறிவு வாசலிலேயே கிடக்கிறது. அகத்தியர்கூடம் ஏறும் பாதை தொடங்குவது இந்த ஊரில்தான். 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,254 வகை உயர்தாவரங்கள், அவற்றில் சுமார் 400 ஓரிடவாழ்விகள். 1987இல் தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதனின் குழு இந்த மலைகளில் அலைந்தபோது, வழிகாட்ட வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒரு காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், தண்டுக்கு ஓர் இலையாக நிற்கும் சிறு செடி அது: ஆரோக்கியபச்சை. பாலோட்டுத் தாவரவியல் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கே தர முடிவானது. பழங்குடி அறிவுக்கு உரிய பங்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் உலகம் இன்றும் இந்த உதாரணத்தை எடுக்கிறது.

பாலோடு பக்கத்தில்தான். அதைவிடப் பக்கம் விதுரை. அங்கே இருக்கிறது ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். ப்ளஸ் டூ அறிவியல் படித்தவர்கள் ஐஏடி நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டு பிஎஸ்–எம்எஸ் படிப்பில் சேரலாம். போர்டு தேர்வில் முன்னணி ஒரு சதவீதத்தில் வந்து தகுதி பெறுவோருக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். படிக்கும்போதே கோடைக்கால ஆய்வுக்கு வெளிநாடு போய்வரும் வழியும் உண்டு. கனடாவின் மிட்டாக்ஸ் திட்டம் அதற்கு 12 வாரம் தருகிறது.

உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் தேடி வரும் மலை இது. அதன் அடியில் பிறந்த பிள்ளைக்கு ஐஏடி விண்ணப்பத் தேதியைக்கூட யாரும் சொல்வதில்லை என்றால், அது நம் எல்லாருக்கும் வெட்கம். பள்ளி ஆசிரியர்களே, தொழிற்சங்கத்தாரே, அந்த ஒரு தகவலை லயங்களுக்குக் கொண்டு சேருங்கள்.

(அடுத்த வாரம்: கோடைக்கால ஆய்வுக்குப் பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதம்)