ஒரு பாட்டால் பூட்டப்பட்ட மலையிடுக்கு: ஐஸ்லாந்தில் நடந்தது என்ன?

ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் ஒரு மலையிடுக்கை 2019-ம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு சுற்றுச்சூழல் துறை மூடியது. கோடை வரும் வரை யாரும் உள்ளே போக முடியவில்லை. நிலச்சரிவோ எரிமலையோ இதற்குக் காரணம் இல்லை. வந்தவர்களின் கால்கள்தான் காரணம்.

இடத்தின் பெயர் ஃபியாத்ரார்க்லியூவுர். வாயில் நுழைவது கொஞ்சம் கஷ்டம்தான். 'ஃபியாத்ரா ஆற்றின் மலையிடுக்கு' என்று பொருள்.

2015 நவம்பரில் கனடா பாடகர் ஜஸ்டின் பீபர் வெளியிட்ட ஒரு பாடல் வீடியோவில் இந்த இடம் வந்தது. பாசி மேல் நடக்கிறார், பாறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார். யூடியூபில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதுவரை அதிகம் பேர் அறியாத இடத்துக்கு, அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் மக்கள் வந்து குவிந்தார்கள்.

மூடிய பிறகும் கூட்டம் விடவில்லை. காவலுக்கு நின்ற ஊழியரிடம், கதவைத் திறந்துவிடச் சொல்லி சாப்பாட்டைக்கூட லஞ்சமாக நீட்டினார்கள் என்கிறது ஏபி செய்தி நிறுவனம். 'பழி முழுவதையும் பீபர் மேல் போடுவது சரியல்ல' என்றார் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர். நியாயமான பேச்சுதான். வீடியோவில் நடந்தது ஒருவர், பின்னால் நடந்தது லட்சம் பேர்.

இந்த மலையிடுக்கு உருவானது எப்படி?

நீளம் சுமார் 2 கிலோமீட்டர், ஆழம் சுமார் 100 மீட்டர். இங்குள்ள பாறைக்கு வயது ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகள். பனிக்கு அடியில் எரிமலை வெடித்து, அந்தச் சாம்பலும் துகளும் இறுகிப் பாறையானது.

ஆனால் பாறை பிளந்து இடுக்கானது ரொம்பப் பிந்தித்தான், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு. கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறை பின்வாங்கியபோது, உருகிய நீர் கெட்டியான பாறைக்குப் பின்னால் ஏரியாகத் தேங்கியது. அங்கிருந்து வழிந்த நீர், பனிப்பாறை அரைத்துப் போட்ட மணலையும் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. வெறும் தண்ணீரைவிட மணல் கலந்த தண்ணீர் பாறையை வேகமாக அறுக்கும். உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி. இன்று கீழே ஓடும் ஃபியாத்ரா ஆறு சின்னது. இதைப் பார்த்துவிட்டு, 'இதுவா இவ்வளவு ஆழம் வெட்டியது?' என்று கேட்பவர்கள் உண்டு.

பாறை இருக்கட்டும், பாசிக்கு என்ன?

இது கிணற்றுப்படியில் வழுக்கும் பாசி அல்ல. மெத்தை போலத் தடிமனாக வளர்வது. குளிர் அதிகம், வளரும் காலம் குறைவு என்பதால் மிக மிக மெதுவாக வளரும். இதே வட்டாரத்தில் 1783-ல் லாக்கி எரிமலை கக்கிய குழம்பு உறைந்து பரந்து கிடக்கிறது. 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் மேல் பெரும்பாலும் பாசிதான். ஒருமுறை பெயர்ந்தால் பழையபடி மூட பல பத்தாண்டுகள் ஆகலாம்.

பெரிய சேதம் நடந்தது குளிர்காலக் கடைசியில். பனி உருகி நடைபாதை சேறாகும். ஷூ அழுக்காகாமல் இருக்க ஆட்கள் ஓரமாக ஒதுங்கிப் பாசி மேல் நடப்பார்கள். அந்த ஓரமும் சேறாகும். அடுத்து வருபவர் இன்னும் தள்ளி நடப்பார். இப்படித்தான் ஒற்றையடிப் பாதை அகலமாகிக்கொண்டே போனது. செல்ஃபிக்காக விளிம்புக்குப் போனவர்கள் தனிக் கணக்கு.

இப்போது போகலாமா?

போகலாம். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து 1-ம் எண் நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். இடுக்கின் கிழக்கு விளிம்பை ஒட்டி நடைபாதை, அது முடியும் இடத்தில் பார்வை மேடை. போய்வர ஒரு மணி நேரம் போதும். பனி உருகும் மாதங்களில் மீண்டும் மூடப்படலாம் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. பாதையில் சேறு இருந்தால் அதன் நடுவிலேயே நடக்க வேண்டியதுதான். தண்ணீர் புகாத ஷூ கட்டாயம்.