கறித்தூள் விற்கும் அக்காவுக்கு செயற்கை நுண்ணறிவு எதற்கு?

செயற்கை நுண்ணறிவு பற்றி நம்மிடையே நடக்கும் கருத்தரங்குகளில் பெரும்பாலும் இரண்டு விடயங்கள்தான் சொல்லப்படுகின்றன. அது வேலைகளைப் பறித்துவிடும் என்பது ஒன்று. அதைப் பயன்படுத்தாத தொழில்கள் காணாமல் போய்விடும் என்பது மற்றொன்று. வீட்டின் பின்புறத்தில் மிளகாய் வறுத்து, பக்கத்து மில்லில் அரைத்து, வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து விற்கும் ஒருவருக்கு இந்த இரண்டு பேச்சினாலும் ஆகப்போவது எதுவுமில்லை. நாளைக்குக் காலையில் இதை எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், எந்த வேலைக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு தொழிலைச் செய்பவர் என் உறவுக்காரப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, தட்டைவடை என்று நான்கைந்து பொருட்கள். பாதி உள்ளூரில் போகும், மீதி கொழும்புக்கும் வெளிநாடுகளில் இருக்கும் சொந்தங்களுக்கும் போகும். கணக்கையும் முகநூல் பக்கத்தையும் நான் பார்த்துக் கொடுக்கிறேன். இங்கே எழுதுவது அந்த அனுபவத்திலிருந்து.

மிகப் பெரிய பயன் கிடைத்தது விளம்பரத்தில் அல்ல, அடக்கவிலையில். அக்காவின் கணக்கு நெடுங்காலமாக எளிமையானது: சாமான் வாங்கிய காசு, மில்லுக்குக் கொடுத்த காசு, அதற்கு மேல் கொஞ்சம் இலாபம். சட்ஜிபிடியிடம் நாங்கள் விலையைக் கேட்கவில்லை. "நான் வீட்டில் கறித்தூள் செய்து விற்கிறேன். என் அடக்கவிலையில் எதையெல்லாம் மறந்திருப்பேன் என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேள்" என்று எழுதினோம். அது கேட்டது: வறுக்கும்போது நிறை எவ்வளவு குறைகிறது? காஸ் எத்தனை நாளுக்கு ஒரு சிலிண்டர்? உறை, லேபல்? பொதி அனுப்பப் போய்வரும் செலவு? உடைந்து, சிந்தி வீணாவது? கடைசியாக, நீங்கள் வேலை செய்யும் மணித்தியாலங்களுக்கு என்ன கூலி போடுகிறீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இருக்கவில்லை. "எனக்கு நானே சம்பளம் குடுக்கிறதோ?" என்று சிரித்தார்.

நிறை குறைவதையே எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, 12 கிலோ செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் சேர்த்து 14,400 ரூபா என்று வையுங்கள். கிலோ 1,200 ரூபா என்றுதான் மனக்கணக்கு சொல்லும். வறுத்து அரைத்து வரும்போது 10.5 கிலோதான் மிஞ்சுகிறது என்றால், உண்மையில் ஒரு கிலோ தூளுக்குப் பொருட்செலவு மட்டும் 1,371 ரூபா. கிலோவுக்கு 171 ரூபா எங்கே போகிறது என்று தெரியாமலே போய்க்கொண்டிருக்கும். இது புதிய அறிவு அல்ல, எந்தக் கணக்காளரும் சொல்லக்கூடியது. ஆனால் வீட்டுத்தொழில் செய்யும் ஒருவர் கணக்காளரிடம் போவதில்லையே.

கணக்கை அதனிடமே போடச் சொல்லாமல், எக்செல் தாளுக்கான சூத்திரத்தை மட்டும் எழுதித் தரச் சொன்னோம். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கருவிகளின் அடிப்படை, முன்னே இருக்கும் சொற்களைப் பார்த்து அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணிப்பது. அவற்றில் சில இப்போது தனியாகக் கணிப்பு நிரல்களை ஓட்டியும் பதில் தருகின்றன என்றாலும், வந்த எண் கணக்கிட்டு வந்ததா, பொருத்தமாகத் தோன்றியதால் வந்ததா என்பதைப் பயன்படுத்துபவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. எக்செல் அப்படி இல்லை. மிளகாய் விலை ஏறினால் ஒரு பெட்டியில் இலக்கத்தை மாற்றினால் போதும்.

அடுத்த வாக்கியத்தை நன்றாக எழுதும் கருவி, நாட்டின் சட்டத்தை நன்றாக அறிந்த கருவி என்று நினைத்துவிடக் கூடாது. நமது வற் வரியைப் பாருங்கள். 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நான்கு வருடம் சொச்சத்தில் நான்கு மாற்றம். இந்தக் கருவிகள் பயிற்சி பெற்ற எழுத்துக்களில் இந்த எண்கள் எல்லாமே கலந்து கிடக்கின்றன. எந்த ஆண்டின் எண்ணை எடுத்துத் தரும் என்று உறுதியில்லை, ஆனால் தரும் தொனி மட்டும் ஒரே உறுதியோடு இருக்கும். வரி, பதிவு போன்றவற்றை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமோ பிரதேச செயலகத்திடமோதான் கேட்க வேண்டும்.

தமிழ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் நன்றாகவே எழுதுகிறது, ஆனால் அது தமிழ்நாட்டுத் தமிழ். நமது "மா" அதற்கு "மாவு". ரூபா "ரூபாய்" ஆகிவிடும். இது வெறும் சொல் விவகாரம் என்று விட்டுவிடலாம், ஒரு விலைப்பட்டியலில் அது இந்திய ரூபாயின் குறியீட்டைப் போட்டுத் தரும்வரை. இந்திய ரூபாயின் பெறுமதி நமது ரூபாவைப்போல மூன்று மடங்குக்கு மேல். கனடாவிலிருந்து பார்ப்பவர் கறித்தூள் விலையைக் கண்டு ஓடிவிடுவார். "வறுத்த மா" என்பதை ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னபோது ஒரு தடவை வறுத்த மாம்பழம் என்று வந்தது. அரச பெயர்ப்பலகைகளில் வரும் தமிழ்ப் பிழைகளைப் படம் பிடித்துப் போட்டு நாம் கோபப்படுகிறோம். அதே வேலையை நமது லேபலில் சிங்களத்துக்கு நாமே செய்துவிடக் கூடாது. சிங்கள வரிகளை அச்சுக்குக் கொடுக்கமுன் சிங்களம் தாய்மொழியான ஒருவர் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கும் அப்படித்தான்.

படங்களில் இது இன்னும் மோசம். பனங்கட்டிக் குட்டான் படம் கேட்டால் மூங்கில் கூடைக்குள் சொக்லேட் போன்ற கட்டிகளை அடுக்கி, பின்னால் தென்னைமரம் நட்டுத் தருகிறது. அழகான படம்தான். ஆனால் வாங்குபவர் பொதியைத் திறக்கும்போது அவர் பார்த்த பொருள் அதற்குள் இருக்காது. கைத்தொலைபேசியில் வெயில் வெளிச்சத்தில் எடுத்த உண்மையான படமே போதும் என்பது என் முடிவு.

ஒடியல் மாவுக்கு விளம்பரம் எழுதச் சொன்னால் "நீரிழிவைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரி வந்து விழும். இணையத்தில் அப்படி எழுதப்பட்டவை ஏராளம், அதிலிருந்துதான் அது கற்றது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவுப்பொருளைப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் வகையிலோ விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த வரியை நம்பி யாராவது மருந்தை நிறுத்தினால்?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தானியங்கிப் பதில்தான். இரவில் வெளிநாட்டிலிருந்து வரும் கேள்விகளுக்குக் கருவியே பதில் அனுப்பும்படி அமைத்துவிடலாம் என்று அக்காவிடம் ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார். வழமையாக வரும் கேள்விகளைத் திரட்டிப் பார்த்தோம். விலை, எத்தனை நாளில் வரும், உறைப்புக் கூடவா என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது: "பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாமை, இதில் கச்சான் இருக்கிறதா?" சேர்மானப் பட்டியலைக் கொடுத்தால் கருவி "இல்லை" என்றுதான் சொல்லும். பட்டியலில் கச்சான் இல்லைதான். ஆனால் அதே மில்லில், அதே நாளில், நமக்கு முன்னால் வந்தவர் எதை அரைத்தார்? கச்சானா, எள்ளா, கோதுமையா? அது எந்தப் பட்டியலிலும் இல்லை, அக்காவுக்கும் மில்காரருக்கும்தான் தெரியும். ஒரு பிள்ளையின் உயிர் தொடர்பான பதிலை அதனிடம் விட முடியாது.

கருவி தவறாகச் சொன்னால் பொறுப்பு யாருக்கு என்பதற்கு ஒரு தீர்ப்பும் இருக்கிறது. எயார் கனடாவின் இணையத்தள உரையாடல் கருவி, உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவருக்கான கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவலைக் கொடுத்தது. அந்தக் கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அலகு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அதை ஏற்கவில்லை, நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அது கனடாவின் தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விமான நிறுவனத்தாலேயே தப்ப முடியாத இடத்தில் வீட்டுத்தொழில்காரர் எப்படித் தப்புவார்?

பதிலாக வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைப் போட்டோம். இலவசம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நாமே எழுதிவைத்த பதிலை ஓர் அழுத்தில் அனுப்பலாம், பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம், இரவில் "காலையில் பதில் தருகிறோம்" என்று தானாகச் சொல்லும்படி செய்யலாம். இதில் நாம் எழுதாத ஒரு சொல்லும் வாடிக்கையாளருக்குப் போகாது.

இன்னொரு பழக்கத்தையும் கட்டாயமாக்கினோம். ஓடர்களைப் பட்டியலாக்க வட்ஸ்அப் செய்திகளை அப்படியே கருவிக்குள் ஒட்டுவது இலகு. அதில் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், சிலவேளை வங்கி வைப்புச் சீட்டின் படமும் இருக்கும். அவை நம்முடையவை அல்ல, நம்பித் தந்தவை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாங்கள் பெயர்களை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் 1, 2, 3 என்று போட்டுத்தான் கொடுக்கிறோம். இரண்டு நிமிட வேலை.

கட்டணப் பதிப்பு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சட்ஜிபிடி பிளஸ் மாதம் 20 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே 6,000 ரூபா. தமிழை இந்தக் கருவிகள் ஆங்கிலத்தைவிடச் சிறு சிறு துண்டுகளாக வெட்டியே வாசிக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் மாதத்தில் நாலைந்து தடவை கணக்குக்கும் கடிதத்துக்கும் பயன்படுத்துபவருக்கு இலவசப் பதிப்பே தாராளம். அக்கா முதலில் வாங்க நினைப்பது உறையை வெப்பத்தில் ஒட்டும் மெசின். புதிய விலைப்பட்டியலில் தன் கூலியை மணித்தியாலக் கணக்கில் சேர்த்திருக்கிறார். கறித்தூள் விலை கொஞ்சம் ஏறியது. பழைய வாடிக்கையாளர் இருவர் ஏன் என்று கேட்டார்கள், அதற்கு அவரே பதில் எழுதினார்.