லூப்பஸ் நோயும் குருதி உறைதலும்

குருதிக்கு இருவேறு கடமைகள் உள. உடலினுள் ஓடுங்கால் அது திரவமாயிருத்தல் வேண்டும். காயத்தின் வழியே வெளியேறுங்கால் விரைந்து உறைதல் வேண்டும். இவ்விரண்டுக்குமிடையேயுள்ள சமநிலை தவறுமாயின் உயிருக்கே இடராகும். அவ்வாறு தவறுதற்கு ஏதுவாகும் நோய்களுள் ஒன்று லூப்பஸ்.

லூப்பஸ் என்னும் இலத்தீன் சொல் ஓநாயைக் குறிக்கும். முகத்திலே தோன்றும் புண் ஓநாய் கடித்தாற்போன்றிருந்தமையின் இப்பெயர் வந்ததென்பர். ஆயினும் இந்நோய் தோலளவில் நிற்பதன்று. நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடவேண்டிய பிறபொருளெதிரிகள், உடலின் சொந்த உறுப்புக்களையே பகையெனக் கொண்டு தாக்குகின்றன. மூட்டு, சிறுநீரகம், இருதயம், மூளை ஆகிய யாவும் ஊறுபடலாம். நோயாளர் பதின்மரில் ஏறக்குறைய ஒன்பதின்மர் பெண்கள். அவருட் பெரும்பாலோர் இளவயதினர். பாரிசவாதம் முதுமைக்கே உரியதென்பது பொதுமக்கள் எண்ணம். லூப்பஸ் நோயாளரிடத்தோ அது இளமையிலேயே வரக்கூடும். இதற்குக் காரணம் யாது?

1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரைச் சேர்ந்த கொன்லி, ஹாட்மன் என்னும் ஆய்வாளர் இருவர், லூப்பஸ் நோயாளர் இருவரின் குருதி பரிசோதனைக் குழாயில் வழக்கத்திலும் பிந்தி உறைவதைக் கண்டு எழுதினர். உறைதலைத் தடுக்கும் பொருளொன்று அக்குருதியில் உண்டென்பது அவர் துணிபு. பின்னர், 1972 இல், அப்பொருளுக்கு 'லூப்பஸ் உறைவெதிரி' எனப் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. ஆனால் அப்பொருளையுடையார் பலரிடத்துக் குருதி பெருகுதற்கு மாறாக நாடிநாளங்களில் உறைந்து அடைப்பதையே 1963 முதல் வைத்தியர்கள் கண்டு வந்தனர். 1983 இல் இலண்டனிற் கிரகாம் ஹியூஸ் என்பார் இதனைத் தனியொரு நோய்த்தொகுதியாக விளக்கினார். அவர் குழுவினர் இப்பிறபொருளெதிரிகளை அளக்கும் முறையொன்றையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர்.

முரண்பாட்டின் விளக்கம் இதுவே. இப்பிறபொருளெதிரிகள், பொசுபரசு சேர்ந்த கொழுப்புப் பொருள்களையும் அவற்றோடு ஒட்டும் புரதங்களையும் பற்றுவன. குழாயிற் குருதி உறைதற்கு அக்கொழுப்பு இன்றியமையாதது. அது பற்றிக்கொள்ளப்பட்டமையால் உறைதல் தாமதமாகின்றது. உடலிலோ அவை குழல்களின் உட்சுவரிலும் குருதிச் சிறுதட்டுக்களிலும் படிந்து உறைதலைத் தூண்டுகின்றன. காலின் நாளத்தில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். மூளையின் நாடியில் உறைந்தால் பாரிசவாதம் விளையும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் நேரலாம்.

லூப்பஸ் நோயாளரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரிடம் இவை காணப்படும். எனினும் அவரெல்லார்க்கும் குருதி உறைவதில்லை. தொற்றுநோய்களாலும் இவை சில காலம் தோன்றி மறையுமாதலின், 12 வாரங்களேனும் கழித்து மீண்டும் பரிசோதித்தே முடிவு செய்வர்.

பாரிசவாதத்துக்கு வேறு வழிகளும் உள. 1924 இல் லிப்மன், சாக்ஸ் என்போர் விவரித்தவாறு, இருதய வால்வுகளில் வளரும் சிறு தடிப்புக்கள் பெயர்ந்து மூளையை அடையலாம். நெடுநாள் அழற்சியால் நாடிகள் இளமையிலேயே தடிக்கலாம். சிறுநீரகம் பழுதுற்றால் குருதியமுக்கம் உயரும். புகைத்தலும், ஈஸ்திரசன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் இவ்விடரை மிகுவிப்பன.

ஒருமுறை குருதி உறைந்தவர்க்கு வார்பரின் என்னும் மருந்தை நெடுங்காலம் கொடுப்பர். கெட்டுப்போன இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி பெருகி மாண்டமையை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்ததன் பயனே இம்மருந்து. அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவிய பழைய மாணவர் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே மருந்தின் பெயரிலும் உள்ளன. பழைய மாணவர் சங்கங்கள் பெருமிதங் கொள்ளத்தக்க செய்தி இது!

வார்பரின் அளவு மிகின் குருதி பெருகும், குறையின் உறையும். ஆதலின் ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையால் அளந்து, பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையே நிறுத்துவர். கீரை வகைகள் அதன் வலிமையைக் குறைப்பனவாதலால், அவற்றை நீக்காது நாடோறும் ஒரேயளவில் உண்ணல் நன்று. புதிய மருந்தாகிய ரிவறொக்சபான், மூவகைப் பரிசோதனையிலும் இப்பிறபொருளெதிரிகள் காணப்பட்டோர்க்கு வார்பரினிலும் குறைந்த காப்பையே அளித்ததென 2018 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டிற்று. எனவே வைத்தியரைக் கேளாது மருந்தை மாற்றுதலும் நிறுத்துதலும் ஆகா.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும், 'இளவயதினர்க்கு இது வராது' எனக் காலந்தாழ்த்தலாகாது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்தலும் தகாது. மூளையிற் குருதி கசிவதாலும் இவ்வறிகுறிகள் தோன்றலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, லூப்பஸ் உண்டென்பதையும் உட்கொள்ளும் மருந்துகளையும் முதலிலேயே கூறுதல் வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்ளேயே கொடுப்பர். குழாயிற் பிந்தி உறையும் குருதி காப்பன்று, எச்சரிக்கையே என்பதை நோயாளரும் உற்றாரும் அறிந்திருப்பாராயின், அந்நாலரை மணி நேரம் வீணாகாது.